ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை: 100/90 பல்பு போடலாமா, எல்இடி போடலாமா?

நிலக்கோட்டை மல்லி:
வணக்கம். 2013 வேகன் ஆர் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை 4 மணிக்கு நிலக்கோட்டையிலிருந்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிப் போகிறேன். பின் சீட்டை மடக்கி மூட்டைகளை அடுக்கிவிடுவேன்.

ஆறு மாதமாக டிம் வெளிச்சம் மஞ்சளாக, மங்கலாக இருக்கிறது. போன வாரம் லைட் இல்லாத சைக்கிளில் வந்த ஒரு பெரியவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக் பிடித்ததும் வண்டி அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றிலிருந்து அந்த இடம் வந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

பல்பு எச்4, 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55). இரண்டையும் புதிதாக மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை. இடது பக்கம் வலதைவிட மங்கல். ஒரு கடையில் 100/90 போடு என்கிறார்கள், இன்னொரு கடையில் எல்இடி என்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. எனக்கே வெளிச்சம் போதவில்லை, ஆனால் டிம்மில் போனாலும் எதிரே வருகிறவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

கோவை கார்த்தி:
எல்இடி போடுங்கள் நண்பா. நான் போட்டு ஒரு வருடம் ஆகிறது. பால் மாதிரி வெள்ளை வெளிச்சம், கரண்டும் குறைவாகத்தான் இழுக்கிறது.

வயரிங் அண்ணன், மதுரை:
தம்பி, இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். புது பல்பு போட்டும் மங்கல் என்றால் கோளாறு பல்பில் இல்லை.

எல்இடி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். டிம் இழைக்குக் கீழே கிண்ணம் போல ஒரு சின்னத் தகடு இருக்கும். அது கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் டிம் போடும்போது, பல்பைச் சுற்றியிருக்கும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதிதான் வேலை செய்யும், அது வெளிச்சத்தைக் கீழ்நோக்கி ரோட்டில் விழ வைக்கும். அந்த இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் வெளிச்சம் விழும் இடம் மாறிவிடும். எல்இடியில் இழையே கிடையாது, தட்டையான சிப் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும். வண்டிக்கு முன்னால் பத்தடிக்குப் பளபளவென்று இருக்கும், நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் தூரத்தில் ரோடு தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் கூசும். எதிரே வருபவர் கண் கூசி நம் பக்கம் ஏறினால் அடிபடப்போவது நாமும்தான்.

100/90 பல்பு இன்னும் மோசம். 60 வாட் என்றால் 5 ஆம்பியர், 100 வாட் என்றால் 8-க்கு மேல். கம்பெனி வயரும் ஸ்விட்சும் அதற்காகச் செய்தவை அல்ல. பல்பு மாட்டும் ஹோல்டர் உருகி பல்போடு ஒட்டிக்கொண்ட வண்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். ரிஃப்ளெக்டரும் சூட்டில் பொரிந்துவிடும்.

ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, டிம் எரியும்போது பேட்டரியில் எவ்வளவு, ஹோல்டரின் பின்பக்கம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வி, திண்டுக்கல்:
ஹெட்லைட்டின் முன் கண்ணாடி மஞ்சளாகிவிட்டதா என்றும் பாருங்கள் அண்ணா. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் மேல் பூச்சு போய் மங்கிவிடும். எங்கள் வண்டியில் பல்பை மூன்று முறை மாற்றிய பிறகுதான் இது தெரிந்தது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான். 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அந்தக் கோட்டை விட்டுவிட்டால் மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

நிலக்கோட்டை மல்லி:
அளந்துவிட்டேன் அண்ணா. பேட்டரியில் 14.1 வோல்ட். வலது ஹோல்டரில் 12.4, இடதில் 11.3. செல்வி சொன்னது போல முன்பக்கமும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

வயரிங் அண்ணன், மதுரை:
பிடித்துவிட்டோம் தம்பி. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் குறையாது, அதைவிட வேகமாகச் சரியும். பல்பை 13.2 வோல்ட்டில்தான் சோதிப்பார்கள். அது 11.3 ஆனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பல்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ரோட்டுக்கு வருகிறது.

இப்போது லைட் எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இடது ஹோல்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, சரியில்லை.

நிலக்கோட்டை மல்லி:
1.6 காட்டியது! எர்த் வயர் பாடியில் சேரும் போல்ட் முழுக்கத் துரு. சுரண்டி முறுக்கியதும் இடதும் 12.6 ஆகிவிட்டது. மீதியை எப்படிச் சரிசெய்வது?

வயரிங் அண்ணன், மதுரை:
எச்4 ரிலே வயரிங் கிட் என்று கேட்டு வாங்குங்கள். ரிலே என்பது சின்னக் கரண்டில் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் நேராக பல்புக்குப் போகும். பழைய ஸ்விட்ச் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். வயர் செம்புதானா என்று ஒரு முனையைச் சீவிப் பாருங்கள். ஹோல்டர் செராமிக்காக இருக்கட்டும். ரிலே போட்டாச்சே என்று 100/90-க்குப் போகாதீர்கள், ரிஃப்ளெக்டர் பழசுதான்.

பல்பு அதே 60/55 போதும், உங்களிடம் இருப்பதே புதுசுதான். நீலப் பூச்சு உள்ளதை எப்போதும் வாங்காதீர்கள். அந்தப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும் பல்புகள் இருக்கின்றன, ஆயுள் குறைவு. தினமும் ஓடும் உங்களுக்குச் சாதாரணமானதே நல்லது. மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாகச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

அப்புறம், எதிரே வருகிறவர்கள் லைட் அடிப்பது மூட்டையால். பின்னால் பாரம் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், டிம் கூட நேராகக் கண்ணில் அடிக்கும். 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்று மோட்டார் வாகன விதி 106 சொல்கிறது. ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் திருகு டேஷ்போர்டில் இருந்தால் பாரத்துக்கு ஏற்ப இறக்குங்கள். இல்லையென்றால் பூ ஏற்றிய வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம்மின் மேல் விளிம்பு ஹெட்லைட் உயரத்துக்கு 10 செ.மீ. கீழே விழும்படி ஃபோகஸ் வையுங்கள்.

கோவை கார்த்தி:
அண்ணா, மழையில் மட்டும் எனக்கு ரோட்டுக் கோடே தெரிவதில்லை. எல்இடியால்தானா?

வயரிங் அண்ணன், மதுரை:
இருக்கலாம் கார்த்தி. பழைய பல்பைத் தூக்கிப் போடவில்லை என்றால் ஒரு மழை நாளில் அதை மாட்டி ஓட்டிப் பாருங்கள். இரவில் சுவரில் அடித்தும் பாருங்கள், மேல் விளிம்பில் தெளிவான கோடு விழவில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.

நிலக்கோட்டை மல்லி:
ரிலே கிட், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் ஆனது. இப்போது இரண்டு ஹோல்டரிலும் 13.5. முன்பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் உட்கார்ந்து தேய்த்து கோட் அடித்தோம். பல்பு பழைய 60/55-தான். இன்று காலை அதே இடத்தில் அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தேன். இந்த முறை தூரத்திலேயே தெரிந்துவிட்டார். வண்டியை நிறுத்தி, சைக்கிளின் பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன்.

வயரிங் அண்ணன், மதுரை:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த எர்த் போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள்.