புடலைப் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. கையால் மகரந்தம் சேர்த்தும் நிற்கவில்லை, உதவுங்கள்

மதுரை மாடி:
வணக்கம். மாடித்தோட்டம் போட்டு இது மூன்றாவது வருடம். கத்தரி, வெண்டை, பாகல் எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. புடலையில்தான் வழி தெரியாமல் நிற்கிறேன்.

ஆடிப்பெருக்கு அன்று விதைத்தேன். மொத்தம் மூன்று கொடிகள். இரண்டு, ஊரில் அப்பா போட்டு வந்த நாட்டு நீளப் புடலை. சாம்பலில் புரட்டி ஒரு பழைய பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். ஆறு விதையில் இரண்டுதான் முளைத்தன. அவர் பந்தலைப் பிரித்து நான்கு வருடம் ஆகிவிட்டது, இனி அந்த விதை வேறு யாரிடமும் இல்லை. மூன்றாவது கொடி, நர்சரியில் வாங்கிய குட்டைப் புடலை.

மூன்றும் பெரிய குரோ பேக்கில் இருக்கின்றன. செம்மண், கோகோபீட், மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு கலந்த மண். கம்பி கட்டி நைலான் வலைப் பந்தல் போட்டிருக்கிறேன். இலை கருகருவென்று பந்தலை மூடிவிட்டது. ஆண் பூ கொத்துக் கொத்தாக வருகிறது. பெண் பூ இதுவரை பதினான்கு எண்ணிவிட்டேன், பதினான்கும் போய்விட்டன. பிஞ்சு இரண்டு மூன்று நாள் பச்சையாக இருக்கும், அப்புறம் நுனியிலிருந்து மஞ்சளாகி, தொட்டாலே கையோடு வந்துவிடும்.

போன வருடம் பாகலுக்குச் செய்தது போலவே தினமும் காலை ஏழு மணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறேன். பாகல் அப்படியே காய்த்துத் தள்ளியது. தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்க வைத்த தேமோர் கரைசலும் இரண்டு முறை தெளித்தேன். எங்கே தப்பு செய்கிறேன்?

கீரைப்பாத்தி:
உதிர்ந்த பிஞ்சை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தீர்களா? பழ ஈ முட்டை வைத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். வெளியே ஊசி குத்தின மாதிரி புள்ளி, அதில் பிசின் கசிந்திருக்கும். அப்படி இருந்தால் இன்றே பொறி வையுங்கள், உதிர்ந்ததை மண்ணில் போடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகித் திரும்பவும் ஈயாக வரும்.

மதுரை மாடி:
நேற்று விழுந்த நான்கையும் வெட்டிப் பார்த்தேன் அண்ணா. புழு இல்லை, புள்ளியும் இல்லை. உள்ளே விதை இருக்க வேண்டிய இடம் சப்பையாக இருக்கிறது.

எருக்குழி:
இலை கருகருவென்று இருக்கிறது என்றதும் எனக்குத் தழைச்சத்து அதிகமோ என்று தோன்றியது. தழைச்சத்து ஏறினால் கொடி இலை விடுவதிலேயே நிற்கும், பெண் பூ குறையும். இரண்டு வாரம் மண்புழு உரத்தை நிறுத்தி, சாம்பல் ஒரு கைப்பிடி கொடுத்துப் பாருங்கள். ஆனால் பதினான்கு பெண் பூ வந்திருக்கிறது என்கிறீர்கள், அதனால் இது முழுக் காரணமாக இருக்காது.

பந்தல் வீடு:
விதைப் பகுதி சப்பை என்றால் மகரந்தம் சேரவில்லை என்றுதான் அர்த்தம். ஒன்று கேட்கிறேன். காலை ஏழு மணிக்கு நீங்கள் தடவும்போது பூ எப்படி இருக்கிறது? இதழ் ஓரத்தில் வெள்ளை நூல் நூலாக இருக்குமே, அது விரிந்திருக்கிறதா, உள்ளே சுருண்டு கிடக்கிறதா?

மதுரை மாடி:
சுருண்டுதான் இருக்கும். பிரித்து விட்டுத்தான் தடவுவேன். புடலைப் பூவே அப்படித்தான் என்று நினைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தண்ணீர் விட்டு இறங்கினால் மறுநாள் காலையில்தான் மாடிக்குப் போவேன்.

பந்தல் வீடு:
அங்கேதான் இருக்கிறது விஷயம். புடலை இரவில் பூக்கிற கொடி. பொழுது சாய்ந்த பிறகுதான் மொட்டு அவிழும், ஏழு எட்டு மணிக்கு முழுசாக விரிந்திருக்கும், விடிந்ததும் சுருண்டுவிடும். வெள்ளை நிறமும் வாசனையும் இருட்டில் பறக்கிற அந்துப்பூச்சியைக் கூப்பிடத்தான். காலையில் நீங்கள் தடவியது முந்தின இரவே வேலை முடிந்து வாடிய பூவை.

பாகல், பூசணி, வெள்ளரி காலையில் பூப்பவை, அதனால் போன வருடம் சரியாக வந்தது. சுரையும் பீர்க்கும் சாயங்காலக் கூட்டம். பீர்க்கில் இன்னொரு சங்கதி: வரி வரியாக இருக்கும் சாதாரண பீர்க்கு மாலையில் பூக்கும், அதன் சொந்தக்கார நுரைப்பீர்க்கு விடியற்காலையில் பூக்கும். கொடிக்குக் கொடி நேரம் தெரியாவிட்டால் எவ்வளவு உரம் போட்டும் பலன் இல்லை.

இன்று இரவு ஏழரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். கொத்தில் நன்றாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். நடுவில் மஞ்சள் பொடி விரலில் ஒட்ட வேண்டும். அதைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் பச்சைக் குமிழில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாக ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். முடிந்தால் ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ. தொட்ட பூவின் காம்பில் ஒரு கலர் நூல் தளர்வாகக் கட்டிவிட்டால் கணக்கு தெரியும்.

குற்றாலச் சாரல்:
எங்கள் பக்கம் யாரும் கையால் தொடுவது கிடையாது, பந்தல் முழுக்கத் தொங்கும். பக்கத்தில் தோப்பு, புதர், பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. நகரத்தில் மாடிக்கு அவ்வளவு வராது. இரவு முழுக்க எரிகிற பெரிய விளக்கு பக்கத்தில் உண்டா? இருந்தால் வருகிற அந்துப்பூச்சியும் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மதுரை மாடி:
அடுத்த மாடியில் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு விடியும்வரை எரிகிறது. சரி, இன்றைக்கே போகிறேன்.

மதுரை மாடி (ஆறு நாள் கழித்து):
அன்று இரவு மேலே ஏறி டார்ச் அடித்தபோது பேசாமல் நின்றுவிட்டேன். இரண்டு மாதமாக இந்தப் பந்தலுக்குக் கீழே தினமும் நின்றிருக்கிறேன், இப்படி ஒரு பூவைப் பார்த்ததே இல்லை. ஐந்து இதழ், ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளை நூல் பிரிந்து காற்றில் ஆடுகிறது. லேசான வாசனை வேறு. அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதுவரை ஒன்பது பெண் பூ தொட்டேன். இரண்டாம் நாள் சாயங்கால மழையில் இரண்டு போயின, ஒன்று ஏனோ நிற்கவில்லை. மீதி ஆறும் நிற்கின்றன! முதல் நாள் தொட்டது ஒரு சாண் தாண்டிவிட்டது. உங்கள் எல்லோருக்கும் மனசார நன்றி.

பந்தல் வீடு:
ரொம்ப சந்தோஷம். மழை வரும்போல் இருந்தால், அவிழப்போகிற ஆண் மொட்டைச் சாயங்காலமே காம்போடு கிள்ளி வீட்டுக்குள் தண்ணீரில் வையுங்கள். எனக்கு உள்ளேயே விரிந்திருக்கிறது. மழை விட்டதும் எடுத்துப்போய் ஒற்றலாம்.

விதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கொடியின் ஆண் பூவை எதில் தொட்டீர்கள்?

மதுரை மாடி:
கைக்கு எட்டியதைப் பறித்தேன். பாதிக்கு மேல் குட்டைப் புடலையின் பூதான். ஏன், காய் மாறிவிடுமா?

பந்தல் வீடு:
காய் மாறாது, அது தாய்க் கொடியின் காய்தான். தைரியமாகச் சமைக்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் விதை கலப்பு. அதை அடுத்த வருடம் போட்டால் அப்பாவின் நீளப் புடலை அப்படியே வராது.

விதைக்கென்று புதிதாக இரண்டு மூன்று பூ தனியாகச் செய்யுங்கள். அன்று இரவு அவிழப்போகிற பெண் மொட்டு சாயங்காலமே வெளிறிப் பருத்திருக்கும். நாலரை ஐந்துக்குள் சின்னக் காகிதப் பை மாட்டிக் காம்பில் நூல் கட்டுங்கள். அப்பாவின் இன்னொரு கொடியில் ஓர் ஆண் மொட்டுக்கும் அதே மாதிரி. இரவு இரண்டையும் பிரித்து, ஒற்றி, பெண் பூவுக்குப் பையைத் திரும்ப மாட்டி, மறுநாள் பகலில் எடுத்துவிடுங்கள்.

அந்தக் காயைப் பறிக்காமல் கொடியிலேயே ஆரஞ்சும் சிவப்புமாகப் பழுக்க விடுங்கள். உள்ளே சிவப்புச் சதைக்குள் விதை இருக்கும். அலசி, நிழலில் காய வைத்து, அப்பா செய்தது போலச் சாம்பலில் புரட்டி வையுங்கள்.

கீரைப்பாத்தி:
பழ ஈ இப்போதில்லை என்றாலும் விதைக் காய்க்கு ஒரு வலைத்துணி உறை போடுங்கள் சகோதரி. அவ்வளவு நாள் கொடியில் தொங்கப் போகிறது.

மதுரை மாடி:
நேற்று மூன்று பெண் மொட்டுக்கும் இரண்டு ஆண் மொட்டுக்கும் பை மாட்டினேன், இரவு எட்டு மணிக்குத் தொட்டு மூடிவிட்டேன். காம்பில் சிவப்பு நூல், மற்றதற்கெல்லாம் வெள்ளை. அப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பூ இரவில் விரியும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. "கல் கட்டினியா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். எவ்வளவு பெரிய கல் கட்ட வேண்டும்?

குற்றாலச் சாரல்:
காய் ஒன்றரைச் சாண் வந்ததும் கொட்டைப்பாக்கு அளவு கல் போதும், சுருளாமல் நேராக இறங்கும். நுனியில் இறுக்கிக் கட்டாதீர்கள், பிஞ்சு அறுந்துவிடும். நூலைவிட நனைத்த வாழைநார் நல்லது.

மதுரை மாடி:
வாழைநார் இருக்கிறது. நாளைக்கே கட்டிவிடுகிறேன்.