தவளைத் தொட்டியில் மாஸ் பழுப்பாகிக்கொண்டே போகிறது: தண்ணீர் போதவில்லையா, கூடிவிட்டதா?

தேரைவீடு (கேட்டவர்):
வணக்கம். 45×45×60 செ.மீ. கண்ணாடித் தொட்டி, உள்ளே இரண்டு டிங்டோரியஸ் அம்புத் தவளைகள். தவளைகளுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகின்றன. பிரச்சினை தரையில் விரித்த மாஸில்தான் (moss, மெத்தை போலப் படரும் குட்டிப் பச்சைச் செடி). முதல் மாதம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு நுனி பழுப்பானது. காய்கிறது என்று நினைத்து ஸ்ப்ரேயை ஒரு நாளைக்கு இரண்டு முறையிலிருந்து நான்காக ஏற்றினேன். இன்னும் வேகமாகப் போகிறது. இப்போது மூன்றாவது மாதம்.

பகலில் 26–27 டிகிரி, இரவில் 23–24. ஈரப்பதமானி எப்போதும் 90-க்கு மேலேயே காட்டும். 12 மணி நேரம் எல்இடி. மேல் வலைமூடியின் மீது கண்ணாடி போட்டு முழுவதும் அடைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்றுகிறேன். மண்ணில் பாதிக்கு மேல் தேங்காய் நார்த்தூள். இன்னும் ஒரு தடவை ஸ்ப்ரே கூட்டட்டுமா?

ஈரக்காற்று:
கூட்டாதீங்க. முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, நீங்க சொல்றது மெத்து மெத்துன்னு இருக்கிற மாஸ்தானே? பாசின்னு தேடினா வழுக்கற பாசி, நூல் பாசி எல்லாம் சேர்ந்து வரும், பாதிப் பேர் குழம்பிப் போறாங்க. ரெண்டு, அது உயிரோட வந்ததா? கிளிசரின்ல ஊறவச்சு சாயம் ஏத்தின மாஸும் பச்சையாத்தான் இருக்கும், ஆனா அது பிணம். அதைத் தவளை தொட்டியில வைக்கவே கூடாது. கொஞ்சம் கிள்ளி வெள்ளைக் கிண்ணத்துல வெதுவெதுப்பான தண்ணியில போட்டுப் பாருங்க, சாயம் இருந்தா பெரும்பாலும் கலங்கும்.

தேரைவீடு:
சாயம் இறங்கவில்லை. முதல் மாதம் புதுத் துளிர்கூட வந்தது, அதனால் உயிருள்ளதுதான். படர்ந்து வளரும் பாய் போன்ற வகை, ஹிப்னம் என்று எழுதியிருந்தது. இன்னொன்று, இதற்குச் சம்பந்தமா தெரியாது: முன்கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள், துணியால் துடைத்தால் போகவில்லை.

மழைத்துளி:
சம்பந்தம் இருக்கிறது நண்பரே. கண்ணாடியில் படிந்த அதே உப்புதான் மாஸின் மீதும் படிகிறது. கண்ணாடியில் வெள்ளையாகத் தெரிகிறது, மாஸில் பழுப்பாகத் தெரிகிறது.

மற்றச் செடிகளைப் போல மாஸுக்கு வேர் கிடையாது. அடியில் இருக்கும் இழைகள் பிடித்துக்கொள்ளத்தான். தண்ணீரையும் சத்தையும் இலையாலேயே நேராக உறிஞ்சுகிறது. அந்த இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம், மேலே சொல்லிக்கொள்ளும்படி மெழுகுப் பூச்சும் இல்லை. ஸ்ப்ரே தண்ணீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு ஆவியாகாது, நுனியிலேயே தங்கிவிடும். நீங்கள் நான்கு முறை அடித்தால் நான்கு முறை உப்புப் பூசுகிறீர்கள் என்று பொருள். நுனியிலிருந்து கருகுவது அதனால்தான்.

ஒரு நாள் திறந்து வைப்பது குளோரின் போக உதவும். குளோரமின் (சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் சேர்ப்பது) அப்படிப் போகாது, சுண்ணாம்பு போகவே போகாது. குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் கடினத்தன்மையைக் குறைக்காது. ஆர்ஓ நீர், காய்ச்சி வடித்த நீர், அல்லது சுத்தமாகப் பிடித்த மழைநீர், இவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கையில் இருந்தால் அளந்து சொல்லுங்கள்.

நார்த்தூளையும் சந்தேகப்படுங்கள். கழுவாத நார்த்தூளில் உப்பு நிறைய இருக்கும்.

(கண்ணாடிப் புள்ளிக்கு வினிகர் வேலை செய்யும். ஆனால் தவளைகளை வேறு பெட்டிக்கு மாற்றிய பிறகுதான், அதுவும் நன்றாகக் கழுவிவிட்டு. அவற்றின் தோலே அவற்றுக்கு வாய் மாதிரி, அடிவயிற்றால்தான் தண்ணீர் குடிக்கும்.)

கூழாங்கல்:
தண்ணீர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அது பாதிக் கதை. ஆர்ஓ நீரையே நான்கு முறை அடித்து, மூடியையும் அடைத்து வைத்தால் இந்த மாஸ் அப்போதும் போகும், கொஞ்சம் தாமதமாக.

காற்றின் ஈரம் வேறு, தரையின் ஈரம் வேறு. தவளைக்கு வேண்டியது முதலாவது. நாம் ஊற்றிக்கொண்டிருப்பது இரண்டாவது. மாஸ் காய்ந்தால் சுருண்டு தூங்கும், நனைந்தால் எழுந்துவிடும். அதற்குப் பழகிய உயிர். எப்போதும் ஈரமாகவே வைத்தால் எப்போதும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். வெப்பம் ஏற ஏற அந்தச் செலவு ஏறும். வரவு வெளிச்சத்திலிருந்து மட்டும்தான். ஹிப்னம் பெரும்பாலும் குளிர்ந்த காடுகளில் வளர்ந்து வருவது. 27 டிகிரியில், சொதசொதவென்று, மரக்கிளை நிழலில் வைத்தால் செலவு வரவை மிஞ்சிவிடும். கொஞ்ச நாள் சேமிப்பைத் தின்னும், அப்புறம் பழுப்பு. உங்கள் "முதல் மாதம் அழகு" என்பது அந்தச் சேமிப்புதான்.

மாஸின் ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசம் வந்தால் நல்லது. சாக்கடை வாசம் வந்தால் அடியில் காற்றில்லை. மண்ணுக்குக் கீழே, மிச்சத் தண்ணீர் வடிந்து நிற்கும் களிமண் உருண்டை அடுக்கில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது?

புதுத்தொட்டி:
தயிர்ல மாஸை அரைச்சு தடவினா செமையா வளரும்னு ஒரு வீடியோல பாத்தேன் ப்ரோ. இல்லனா திரவ உரம் ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க.

மழைத்துளி:
வேண்டாம், ரெண்டுமே வேண்டாம். மூடிய தொட்டியில் தயிர் பூசினால் வளர்வது பூஞ்சைதான். உரம் போட்ட ஈரத்தில் தவளை உட்கார்ந்தால் அது தோல் வழியே உள்ளே போகும். மாஸுக்கு அவ்வளவு பசியும் கிடையாது, தவளை எச்சமே அதற்கு அதிகம்.

தேரைவீடு:
தூக்கிப் பார்த்தேன். இடது பின்பக்கம் மண் வாசம். வலது முன்பக்கம் மூக்கைப் பொத்தவேண்டியிருந்தது. வடிகால் தண்ணீர், உருண்டைக்கும் மண்ணுக்கும் இடையில் இருக்கும் வலையைத் தாண்டி மண்ணைத் தொட்டு நிற்கிறது, இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. டிடிஎஸ் 410. முதலில் பழுத்ததும் இந்த வலது முன்பக்கம்தான். ஆனால் ஸ்ப்ரே எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானே விழுகிறது? அங்கே மட்டும் ஏன் முதலில்?

ஈரக்காற்று:
தவளைக்கு இரையா பழ ஈ எங்க கொட்டுறீங்க?

தேரைவீடு:
அங்கேதான். கதவு அந்தப் பக்கம்.

ஈரக்காற்று:
கால்சியம் பொடியில புரட்டித்தானே கொட்டுறீங்க. ஈ நடந்து போகும், பொடி மாஸ்லயே உதிரும். ஏற்கெனவே சுண்ணாம்புத் தண்ணி, அது மேல சுண்ணாம்புப் பொடி, அடியில தேங்கின தண்ணி. மூணும் ஒரே இடத்துல. பொடியை நிறுத்திடாதீங்க, தவளைக்கு அது கட்டாயம் வேணும். ஒரு சின்னத் தட்டோ, பெரிய காய்ந்த இலையோ வச்சு அதுல கொட்டுங்க, வாரம் ஒருதரம் எடுத்துக் கழுவுங்க.

கூழாங்கல்:
இப்போது செய்யவேண்டியது: மெல்லிய குழாயால் வடிகால் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள், மண்ணுக்கு இரண்டு விரல்கடை கீழேயே நிற்கட்டும். மூடிக் கண்ணாடியை முன்பக்கம் 2 செ.மீ. நகர்த்துங்கள். ஆர்ஓ நீரால் மாஸை ஒரு தடவை நன்றாகக் கழுவி, அந்தத் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள். பிறகு காலை ஒன்று, மாலை ஒன்று, இடையில் மாஸின் மேல்நுனி உலரவேண்டும். ஈரப்பதம் பகலில் 75-க்கு இறங்கினால் பதறாதீர்கள். இலைச்சருகு கனமாக இருந்தால் தவளை அதற்கடியில் போய்க்கொள்ளும்.

நாற்றமடிக்கும் பகுதியைப் பிடுங்கிவிடுங்கள். வெறும் பழுப்பை விட்டுவையுங்கள், பழைய தண்டிலிருந்தே துளிர்க்கக்கூடும். பூஞ்சை தெரிந்தால் பூஞ்சையைத் தின்னும் ஸ்பிரிங்டெயில் என்ற குட்டிப் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும்.

காலியான இடத்துக்கு வெளியிலிருந்து மாஸ் பெயர்த்து வராதீர்கள். 1999-ல் பெயரிடப்பட்ட பாட்ராகோகைட்ரியம் பூஞ்சை உலகெங்கும் தவளைகளைக் கொன்றிருக்கிறது, ஈரமான எதிலும் ஒட்டி வரும். பூச்சிமருந்து பயம் தனி. மீன் தொட்டி ஜாவா மாஸ் வெப்பம் தாங்கும், ஈரமான கட்டையில் நீருக்கு வெளியேயும் பிடிக்கும். அதைப் போடுங்கள்.

தேரைவீடு (பத்து வாரம் கழித்து):
இடது பக்கம் திரும்பப் பச்சை. வலது முன்பக்கம் முழுவதும் போய்விட்டது. அங்கே இலைச்சருகு போட்டுவிட்டேன், தவளைகளுக்கு என்னவோ மாஸைவிட அதுதான் பிடித்திருக்கிறது. கட்டையில் ஜாவா மாஸ் மெதுவாகப் பிடிக்கிறது. கண்ணாடியில் புதுப் புள்ளி இல்லை.

ஒரு புதுச் சந்தேகம். நான் வைக்காத ஒன்று நார்த்தூள் மேல் வந்திருக்கிறது. தட்டையாக, நாடா மாதிரி இரண்டிரண்டாகக் கிளைத்து, மேலே குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். தவளைக்கு ஆபத்தா?

மழைத்துளி:
ஆபத்தில்லை. அது லிவர்வொர்ட் (மாஸுக்கு உறவான தட்டைச் செடி), மார்கான்ஷியா. பாடப்புத்தகத்தில் படம் வரைந்திருப்பீர்கள். அந்தக் கிண்ணங்களுக்குள் பச்சை வில்லைகள் இருக்கும். தண்ணீர்த் துளி விழுந்தால் தெறித்து, விழுந்த இடத்தில் முளைக்கும். மாஸை மூடி வளரும் சுபாவம் அதற்கு உண்டு. எடுப்பதென்றால் இன்று, அடுத்த ஸ்ப்ரேக்கு முன்னால்.

தேரைவீடு:
ஸ்ப்ரே டைமர் ஐந்து நிமிஷம் முன்னால்தான் ஓடியது.