வாலஸ் கொடுத்த ஜூஸ் டப்பா: 'தி வயர்' பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நூல்கண்டு:

போன மாதம் 'தி வயர்' தொடரை மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். 2002 முதல் 2008 வரை எச்பிஓ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. ஐந்து சீசன், மொத்தம் 60 பகுதிகள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் போதைமருந்து விற்கும் ஒரு கூட்டம், அவர்களுடைய போனை ஒட்டுக்கேட்கும் ஒரு போலீஸ் குழு என்றுதான் தொடங்கும். அப்புறம் துறைமுகம், நகர அரசியல், பள்ளிக்கூடம், செய்தித்தாள் என்று ஒவ்வொரு சீசனும் அதே ஊரின் வேறொரு இடத்துக்குள் நுழையும். கதை முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் இதற்கு மேல் படிக்காதீர்கள், முடிவு வரை எல்லாமே பேசப்போகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். இதில் வரும் யாரையாவது "இவன் மோசமானவன்" என்று ஒதுக்கி வைத்துவிட்டு, அப்புறம் ஒரு சின்ன விஷயத்தைப் பார்த்ததும் அப்படி ஒதுக்க முடியாமல் போனதுண்டா? உருக்கமான வசனத்தைச் சொல்லவில்லை. ஒரு பொருள், ஒரு பழக்கம், கை செய்யும் ஒரு வேலை, அந்த மாதிரி.

எனக்கு அது வாலஸ். 16 வயதுப் பையன், குடியிருப்பின் முற்றத்தில் போதைச் சரக்கு விற்கிறவன். ஒரு நாள் வீடியோ கேம் கடையில் எதிரி ஆள் ஒருவனைப் பார்த்துவிட்டு மேலிடத்துக்குத் தகவல் போகும்படி செய்கிறான். அன்று இரவே அந்த ஆளைச் சித்திரவதை செய்து கொன்றுவிடுகிறார்கள். அடுத்த பகுதி காலையில் தொடங்கும். வெளியே எங்கிருந்தோ திருட்டுத்தனமாக இழுத்த மின்சார வயர் ஒன்று ஆளில்லாத பாழடைந்த வீட்டுக்குள் போகிறது. அதன் முனையில் வாலஸ் தூங்குகிறான். அவன் எழுந்து அந்த வீட்டில் படுத்திருக்கும் சின்னப் பிள்ளைகளை எழுப்புகிறான். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜூஸ் டப்பா, ஒரு சிப்ஸ் பாக்கெட் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிறான். பெரியவர் என்று அந்த வீட்டில் யாரும் இல்லை. இருக்கிறவர்களில் பெரியவன் இவன்தான்.

அந்தக் காட்சியில் அவனை நல்லவன் என்று யாரும் சொல்வதில்லை. பின்னணி இசையும் இல்லை. தொடர் முழுக்கவே அப்படித்தான். காரிலோ கடையிலோ பாடும் பாட்டு மட்டும்தான் நம் காதில் விழும், சீசன் கடைசியில் வரும் தொகுப்பு போன்ற அபூர்வமான இடங்களைத் தவிர. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெளியே வருகிறான். தான் காட்டிக்கொடுத்தவனின் உடலை எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். ஒரே காலையில் இரண்டும். சிப்ஸ் கொடுத்த கையும் அதே கை என்பதை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உங்களுக்கு எந்த இடம்?

இரவுப்பணி:

நூல்கண்டு அக்கா, நான் போதை மீட்பு வார்டில் ஒன்பது வருஷம் செவிலியராக இருந்தவள். பபிள்ஸ் பாத்திரத்தை முதல் சீசனில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. போலீசுக்குத் தகவல் சொல்லும் போதை அடிமை, தெருவில் தொப்பி விற்பான். யார் முக்கியமான வியாபாரி என்று போலீஸ் தூரத்திலிருந்து படம் எடுக்க வேண்டும். இவன் தொப்பி விற்கும் சாக்கில் அந்த ஆளின் தலையில் சிவப்புத் தொப்பியை வைத்துக் காட்டிக்கொடுப்பான். எல்லோருக்கும் பிடித்துப்போகிற மாதிரி ஒரு ஆள். எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

என்னை மாற்றியது ஐந்தாவது சீசன். பபிள்ஸ் போதைமருந்தை விட்டுவிட்டு அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் தங்குகிறான். மேலே வீட்டுக்குள் போகும் கதவை அவள் பூட்டியே வைத்திருப்பாள். அவள் வேலைக்குக் கிளம்பினால் அவனும் வெளியே போய்விட வேண்டும். அந்தப் பூட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனை அம்மாக்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், "சிஸ்டர், பீரோ சாவியை இடுப்பிலேயே வெச்சுத் தூங்கறேன்" என்று. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கல்நெஞ்சமாகத் தெரியும். தொடர் அந்த அக்காவைக் கெட்டவளாகக் காட்டவே இல்லை. எத்தனை தடவை ஏமாந்திருந்தால் அந்தப் பூட்டு வந்திருக்கும் என்று நம்மையே கணக்குப் போட விட்டுவிடுகிறது.

கடைசிப் பகுதியில் அந்தக் கதவு திறந்திருக்கும். பபிள்ஸ் படியேறி வந்து சாப்பாட்டு மேசையில் உட்காருவான், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் வார்டிலிருந்து போனவர்களில் யார் வீட்டுக் கதவு திறந்தது, யாருடையது கடைசிவரை திறக்கவில்லை என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது.

அந்த வேடத்தில் நடித்த ஆண்ட்ரே ராயோ ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பு இடைவேளையில் தெருவில் நின்றபோது ஒருவர் அவரை நிஜ போதை அடிமை என்று நினைத்து, உனக்கு இது தேவைப்படும் என்று கையில் போதைமருந்தைத் திணித்துவிட்டுப் போனாராம். பலரும் இதை ஒப்பனைக்குக் கிடைத்த பாராட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த முகம் தெரியாத ஆள்தான் முக்கியம். அவருக்குத் தெரிந்த இரக்கம் அது ஒன்றுதான்.

பழைய டயல்:

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சீரியல்களில் போலீஸ் போன் ஒட்டுக்கேட்பதைப் பார்த்தால் எரிச்சல் வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் கேட்கும், திரையில் வரைபடம் மின்னும். இதில் அப்படி இல்லை. வேறு எந்த வழியிலும் துப்புக் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் நீதிபதி அனுமதி தருவார். சம்பந்தமில்லாத பேச்சு என்றால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். பொதுத் தொலைபேசியில் பேசுகிறவன் தாங்கள் தேடும் ஆள்தான் என்று உறுதி செய்ய ஒரு போலீஸ்காரர் மொட்டை மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை என்றால் இப்படித்தான் இருக்கும், சலிப்பாக.

அந்தச் சங்கேத எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். கூட்டத்தில் எல்லோரிடமும் பேஜர் இருக்கும், எந்த எண்ணைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று காட்டும் சின்னக் கருவி. அதில் வரும் எண் நிஜ எண் இல்லை. போலீஸ் குழுவில் பிரெஸ் என்பவர் அதைக் கண்டுபிடிப்பார். போன் பொத்தான்களில் நடுவில் இருப்பது 5. எந்த எண்ணாக இருந்தாலும் 5ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் குதிக்க வேண்டும்: 1 என்றால் 9, 2 என்றால் 8, 3 என்றால் 7, 4 என்றால் 6. 5க்கும் 0க்கும் இடமாற்றம். மனக்கணக்கு எதுவும் தேவையில்லை, விரல் பழகினால் போதும். பள்ளிக்கூடம் கைவிட்ட பையன்கூட இரண்டு நொடியில் செய்துவிடுவான்.

இதை வாலஸ் காட்சி ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள் அம்மா. ஒரு குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பான். பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்ற கணக்கு. குழந்தைக்கு வராது. அதே கணக்கைச் சரக்குக் குப்பிகளாக மாற்றிக் கேட்பான், குழந்தை உடனே சரியாகச் சொல்லிவிடும். அது எப்படி வருகிறது என்று கேட்டால், அந்தக் கணக்குத் தப்பினால் அடி விழும் என்பதுதான் பதில். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தடவை வரவில்லை.

கரும்பலகை:

பழைய டயல் ஐயா சொன்ன அதே பிரெஸ் நான்காவது சீசனில் போலீஸ் வேலையை விட்டுக் கணக்கு வாத்தியாராகப் போவாரே, அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். 22 வருஷமாக அதே பாடம் எடுக்கிறேன்.

தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் சன் நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அந்த ஊர் போலீசில் கொலை வழக்குகளை விசாரித்தவர், பிறகு அங்கேயே அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். இது எனக்கு முன்பு தெரியாது. ஆனால் பள்ளிக் காட்சிகள் வந்த கொஞ்ச நேரத்திலேயே இதை எழுதியவர் வகுப்பில் நின்றவர் என்று புரிந்துவிட்டது. பிரெஸ் சாமான் அறைக்குப் போய்ப் பார்த்தால் புதுப் புத்தகங்கள் பிரிக்காத கட்டாகக் கிடக்கும். பிள்ளைகள் கையில் கிழிந்த புத்தகம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியிலும் ஆய்வகக் கருவிகள் உடைந்துவிடும் என்று பயந்து நான்கு வருஷம் பூட்டியே வைத்திருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டதற்கே எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

அந்த வகுப்பில் டூக்கி என்று ஒரு பையன். அவன் மேல் நாற்றம் அடிக்கிறது என்று பிள்ளைகள் விலகி உட்காருவார்கள். வீட்டில் அவன் துணியைக்கூட விற்று மருந்து வாங்கிவிடுவார்கள். பிரெஸ் அவன் பள்ளியிலேயே குளிக்க வழி செய்து, உடுப்பைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவருவார். இதைப் பற்றி இரண்டு பேரும் பெரிதாகப் பேசிக்கொள்வதே இல்லை. சொல்லிக்காட்டாமல் கொடுத்தால்தான் அந்த வயதுப் பையன் வாங்கிக்கொள்வான், அது தெரிந்தவர் எழுதியது.

அப்புறம் அவனை வருஷ நடுவிலேயே உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். அவன் அந்தப் பள்ளி வாசல் வரை போய்விட்டு உள்ளே போவதில்லை. ஐந்தாவது சீசனில் படிப்பைத் தொடரப் போவதாகச் சொல்லிப் பிரெஸ்ஸிடம் பணம் கேட்டு வருவான். பிரெஸ்ஸுக்கு அவனைப் பார்த்ததும் தெரிந்துவிடும். தெரிந்தே கொடுப்பார். என் பழைய மாணவன் ஒருவனும் அப்படி வந்திருக்கிறான். நானும் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று மனைவி சொன்னாள், அவள் சொன்னதும் சரிதான். ஆனால் கொடுக்காமல் அனுப்ப என்னால் முடியவில்லை.

மரக்கதவு:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு இரவு இரண்டு பேர் கத்தியோடு நுழைந்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் என் அம்மா அதற்குப் பிறகு மூன்று வருஷம் விளக்கை அணைத்துத் தூங்கவில்லை. அதனால் ஊரே கொண்டாடும் ஒமாரை என்னால் ரசிக்க முடியவில்லை. அவன் போதை வியாபாரிகளை மட்டும்தான் கொள்ளையடிப்பான், வெளி ஆட்களைத் தொடமாட்டான் என்கிறார்கள். துப்பாக்கி நீட்டப்படுகிறவனின் முகத்தை அந்த ரசிகர்கள் பார்ப்பதில்லை. இரக்கம் எல்லாம் செய்கிறவன் பக்கமே போகிறதோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது.

நான்காவது சீசனில் ஒரு கடைக் காவலாளி வருவார், நினைவிருக்கிறதா? மார்லோ என்ற கூட்டத்தலைவன் அவர் கண்ணெதிரிலேயே லாலிபாப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வான். திருடும் தேவையே அவனுக்கு இல்லை. காவலாளி பின்னாலேயே வெளியே வந்து பேசுவார். சண்டைக்கு வரவில்லை, எனக்கும் குடும்பம் இருக்கிறது, ஆனால் நான் அங்கே நிற்காத மாதிரி நடந்துகொள்ளாதே என்பார். பயம் குரலில் தெரியும், இருந்தாலும் சொல்லி முடிப்பார். அந்தப் பேச்சுக்காகவே அவரைக் கொன்றுவிடுவார்கள். மொத்தம் சில நிமிடங்கள் வரும் ஆள். அவரை மறக்காமல் எழுதியவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களையும் பார்க்கத் தொடங்கினேன். ஒமாரை மட்டும் இன்னும் இல்லை.

நூல்கண்டு:

மரக்கதவு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறார்களா? ஒமார் விஷயத்தில் நீங்கள் மாற வேண்டியதில்லை. தொடரே அவனை அப்படி விட்டுவிடவில்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது சீசனில் தெருவில் துப்பாக்கிச் சண்டை முடிந்ததும் சின்னப் பையன்கள் அதையே விளையாடுவார்கள், "நான்தான் ஒமார்" என்று போட்டி. அதில் இருந்த கெனார்ட் என்ற பொடியன்தான் ஐந்தாவது சீசனில் கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டிருக்கும் ஒமாரைப் பின்னாலிருந்து சுடுவான். செய்தித்தாளில் அதற்கு இடம் கிடைக்காது. பிணவறையில் அவன் பெயர்ச்சீட்டு வேறொரு உடல்மேல் இருக்கும், ஊழியர் கவனித்து மாற்றி வைப்பார்.

உங்கள் பதிவு எனக்கு வேறொருவனை நினைவுபடுத்தியது. வாலஸைச் சுட்டது அவனுடைய நண்பர்கள் போடியும் பூட்டும். மேலிடத்து உத்தரவு. அந்தப் பிள்ளைகள் படுத்திருந்த அதே வீட்டில். போடியை நான் மன்னிக்கவே போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இரண்டாவது சீசன் தொடக்கத்தில் அவன் காரில் பிலடெல்பியாவுக்குப் போவான். வழியில் ரேடியோவில் பால்டிமோர் நிலையம் இரைய ஆரம்பிக்கும். ஊரைத் தாண்டினால் அந்த ரேடியோ எடுக்காது, அங்கே வேறு நிலையம் என்பது அவனுக்குப் புரியவே புரியாது. சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்குப் போனதைத் தவிர அவன் அந்த ஊரை விட்டு வெளியே போனதே இல்லை. ரேடியோ முள்ளைத் திருகித் திருகிப் பார்க்கிற அந்த முகத்தின் மேல் என் கோபத்தை வைக்க இடம் தெரியவில்லை. நான்காவது சீசனில் அவன் தன் தெருமுனையை விட்டு ஓட மறுத்துச் சாகும்போது அழுதேன். வாலஸுக்கு அழுததைவிட அதிகமாக அழுதேனோ என்று குற்ற உணர்ச்சிகூட வந்தது.

இந்த மூன்றாவது தடவை, வாலஸ் சாகும் காட்சி வந்ததும் வழக்கம்போல் கண்ணை மூடாமல் போடியின் கையைப் பார்த்தேன். துப்பாக்கி நடுங்குகிறது. பக்கத்தில் நிற்கும் பூட் சீக்கிரம் முடி என்கிறான். வாலஸ் அதற்குச் சற்று முன்புதான் பிள்ளைகள் எங்கே என்று வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தான்.