டெஃபர்டு: ‘தாமதம்’ என்று எழுதலாமா?

> செய்திமடல் மென்பொருளின் அறிக்கைப் பக்கத்தில் ‘டெஃபர்டு’ (deferred) வரும் இடமெல்லாம் ‘தாமதம்’ என்று போட்டிருக்கிறோம். மறுப்பு உண்டா?

உண்டு. காலை 6 மணிக்கு வரவேண்டிய மடல் 7.20க்கு வந்தால் வாசகருக்கு அது தாமதம்தான். அனுப்புகிறவருக்கு எங்கே நின்றது என்று தெரிய வேண்டும். சர்வர் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் 6 மணி மடல் இந்திய நேரம் 11.30க்குப் புறப்படும், அது அமைப்புப் பிழை. டெஃபர்டு அப்படியல்ல. பெறும் சர்வர் 421, 450, 451 என 4-இல் தொடங்கும் குறியீட்டைத் தந்து ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்கிறது. 5-இல் தொடங்கினால் திரும்ப வரவே வேண்டாம். ஆகவே முன்னது ‘தற்காலிக மறுப்பு’, பின்னது ‘நிரந்தர மறுப்பு’.

> ‘ஒத்திவைப்பு’ ஏற்கெனவே புழங்குகிறதே? ‘தவணை’யும் நன்றாக இருக்கிறது.

ஒத்திவைப்பு என்றால் ஆசிரியரே வெளியீட்டைத் தள்ளிப்போட்டதாகப் படும். அனுப்பும் நேரத்தை மாற்றும் பொத்தானும் அதே திரையில் இருப்பதால் குழப்பம் உறுதி. தவணையை, பெரிய பட்டியலை மணிக்கு இத்தனை என்று பிரித்து அனுப்புவதற்கு வைத்துக்கொள்வோம். அதற்கு அது கச்சிதம்.

> மறுக்கப்பட்ட மடல் வரிசையில் கிடக்கிறதே, அந்த நிலைக்கு?

‘மறுமுயற்சியில்’. நடந்தது மறுப்பு; மடல் இருக்கும் நிலை வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதால்தான் பழைய மொழிபெயர்ப்பு தடுமாறியது. மடல் அனுப்பும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் மறுமுயற்சிக்குக் குறைந்தது 300 விநாடி காத்திருக்கும். மடல் வரிசையில் பழசாக ஆக இடைவெளி நீண்டு 4000 விநாடி, அதாவது ஏறக்குறைய 67 நிமிடம் வரை போகும். 5 நாளாகியும் ஏற்கப்படாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். 7.20 மடலின் கதை பெரும்பாலும் இதுதான்: சில மறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் நீளும் இடைவெளி.

> கிரேலிஸ்டிங்? ‘சாம்பல் பட்டியல்’ என்று சிலர் எழுதுகிறார்கள்.

நிறத்தை மொழிபெயர்த்து என்ன பயன்? அனுப்பும் சர்வரின் ஐபி எண், அனுப்புநர், பெறுநர் மூன்றும் சேர்ந்து முன்பின் தெரியாததாக இருந்தால் முதல்முறை மறுப்பதுதான் அதன் வேலை. ‘அறிமுக மறுப்பு’ என்றால் காரணமும் தெரிந்துவிடுகிறது. இதைச் செய்யும் போஸ்ட்கிரே மென்பொருளில் இயல்புக் காத்திருப்பு 300 விநாடி. அதற்குள் திரும்பப் போனால் மறுபடி மறுப்புதான். மறுமுயற்சி வேறொரு பிணையத்தின் ஐபியிலிருந்து போனால் அறிமுகம் முதலிலிருந்து தொடங்கும். பல ஐபிகளை மாற்றி மாற்றி அனுப்பும் அமைப்புகளில் சில முகவரிகளுக்கு மட்டும் மடல் மணிக்கணக்கில் பிந்துவது இதனால்தான்.

> ஏற்கிறேன். தற்காலிக மறுப்பு, மறுமுயற்சியில், தவணை அனுப்புகை, அறிமுக மறுப்பு. ‘தாமதம்’ பொதுச்சொல்லாக உதவிப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஆம். ‘மறுமுயற்சியில்’ என்பதன் கீழே பெறும் சர்வர் தந்த பதில் வரியை மொழிபெயர்க்காமல் முழுதாகக் காட்டுங்கள். சர்வர் பதிவேட்டில் (log) தேட அந்த வரிதான் உதவும்.