அப்டேட்: ஐஸ் குச்சி பாலம் என்ன ஆச்சுன்னா

போன மாசம் கேட்டிருந்தேனே, மியான்மர் யாங்கோன்ல கோயில் தமிழ் வகுப்புக்கு வர்ற புள்ளைங்களுக்கு இன்ஜினியரிங்க கையில குடுத்துக் காட்டணும், கரண்ட் அடிக்கடி போகுது, காசும் கம்மி, என்ன பண்ணலாம்னு. ஐஸ் குச்சில பாலம் கட்டுங்கன்னு சொன்னவருக்கு ஒரு கும்பிடு.

முதல் ஞாயிறு ஒரே சொதப்பல். நாலு டீமும் சதுரம் சதுரமா ஒட்டுனாங்க, நானும் வாய மூடிட்டு இருந்தேன் (அதுதான் ரொம்ப கஷ்டம்). நடுவுல பக்கெட்ட தொங்கவிட்டு டம்ளர் டம்ளரா தண்ணி ஊத்த ஊத்த, சதுரமெல்லாம் சாய்சதுரமா நெளிஞ்சு மூணாவது டம்ளர்லயே படக்குன்னு போச்சு. ஒரு வாண்டு மட்டும் மூலைக்கு மூலை குறுக்க ஒரு குச்சி வெச்சு அழுத்திப் பாத்துட்டு, "சார், முக்கோணம் கோணவே மாட்டேங்குது"ன்னான். பக்கத்தோட நீளம் மாறாம முக்கோணத்தோட வடிவம் மாறாதுன்னு நான் போர்டுல எழுதிருந்தா தூங்கிருப்பானுங்க. அடுத்த வாரம் பக்கெட் நெறஞ்சும் பாலம் நின்னுச்சு, கடைசில அறுந்தது கயிறுதான். பசை மட்டும் ஒரு ராத்திரி முழுக்க காயணும், அவசரப்படாதீங்க.

அப்புறம் இதே மியான்மர்ல சகாயிங்ங்கற ஊரோட பழைய இரும்புப் பாலத்தோட படம் காட்டினேன். 1934ல கட்டுனது, 1942 போர்ல தகர்த்தாங்க, 1954ல திரும்ப சரி பண்ணாங்க, 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துல (அளவு 7.7) விழுந்துச்சு. அதுலயும் முக்கோணம்தானே சார் இருக்குன்னு உடனே கேள்வி. மேலருந்து அழுத்தற பாரம் வேற, அடியில தரையே ஆடுறது வேறன்னு சொல்லிட்டேன், ஆனா பாதி முகத்துல திருப்தியே இல்ல.

அதனால வர்ற ஞாயிறு தட்டுக்கு அடியில கோலிக்குண்டு போட்டு பாலத்த உலுக்கப் போறோம்.