நினைவு தவறுகிறதா, கவனம் தவறுகிறதா? உறுப்பினர்களின் அனுபவங்கள்

வங்கி ஊழியர், திருநெல்வேலி:

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபின் என்னைப் பிடித்துக்கொண்ட பெரிய பயம் மறதியைப் பற்றியது. என் ஆச்சி தன் கடைசிக் காலத்தில், சோறு ஊட்டிக்கொண்டிருந்த சொந்த மகளைப் பார்த்தே “நீ யாரு தாயி?” என்று கேட்டவர். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால், அடுப்படிக்குள் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

ஆனால் மறதியைவிட என்னை அதிகம் சங்கடப்படுத்தியது, பேச்சின் நடுவே மனம் எங்கோ போய்விடுவதுதான். நாத்தனார் தொலைபேசியில் அழைத்து, மகளின் வளைகாப்புக்கு யாரையெல்லாம் அழைப்பது, யாரை விட்டால் மனவருத்தம் வரும், சமையலுக்கு யாரிடம் சொல்வது என்று விரிவாகப் பேசிக்கொண்டிருப்பார், நானும் சரியான இடங்களில் உம் கொட்டிக்கொண்டிருப்பேன், “நீங்க என்ன சொல்லுதிய மைனி?” என்று அவர் கேட்கும்போதுதான், வெகு நேரமாக ஒரு வார்த்தைகூட என் மனத்தில் ஏறவில்லை என்பது தெரியவரும். அப்போது “நீங்க சொல்றது சரிதான்” என்று சொல்லிச் சமாளிப்பேன். எதைச் சரி என்றேன் என்பது வளைகாப்பு அன்றுதான் தெரியும்.

பொதுநல மருத்துவர் ஒருவரிடம் சென்றபோது, அவர் என்னைவிட என் கணவரிடம்தான் அதிகம் விசாரித்தார். பணம் எண்ணுவதில் தவறு வருகிறதா, பழகிய வழியில் தடுமாறுகிறார்களா, கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் திரும்பக் கேட்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். எதற்கும் ஆம் என்ற பதில் வரவில்லை. பிறகு என்னிடம் ஐந்து சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இடையில் பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். (வங்கிக்காரியிடம் போய் இதைக் கேட்கிறாரே என்று என் கணவருக்குச் சிரிப்பு.) திரும்பச் சொல்லும்போது மூன்று சொற்கள் தாமாக வந்தன. “ஒன்று பூவின் பெயர்” என்று அவர் எடுத்துக்கொடுத்ததும் நான்காவது வந்துவிட்டது. ஐந்தாவதும் அப்படியே வந்தது. எடுத்துக்கொடுத்தால் வருகிறது என்றால் செய்தி உள்ளே பதிந்திருக்கிறது, வெளியே எடுப்பதில்தான் சுணக்கம் என்றும், எடுத்துக்கொடுத்தும் வராதபோதுதான் மேற்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும் என்றும் அவர் விளக்கினார். தொலைபேசிப் பேச்சின் கதை வேறு. கவனமே இல்லாதபோது காதில் விழுந்தது பதிவதற்கு வழியில்லை. பதியாததை மறந்துவிட்டதாகக் கணக்கு எழுதக் கூடாது என்றார்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவும் வைட்டமின் பி12 அளவும் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் மட்டும் 8.6 என்று வந்தது. பெண்களுக்கு அது 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை, அந்தக் களைப்பில் கவனமும் சிதறும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே மறதி என்று புலம்பும் நம் வீட்டுப் பெண்களிடம் வல்லாரை சாப்பிடச் சொல்வதற்கு முன் இந்த ஒரு பரிசோதனையைச் செய்யச் சொல்வது நல்லது என்பது என் கருத்து. இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடும் டீயோடும் சேர்த்து விழுங்கக் கூடாது, அவை சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்று சொன்னதால், காலைக் காபிக்கும் மாத்திரைக்கும் இடையில் நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று. மருத்துவத்தில் எனக்குக் கடினமாக இருந்தது அதுதான்.

ஹீமோகுளோபின் ஏறியபின் மாலை நேரத்து மந்தம் பெருமளவு குறைந்தது. மனம் அலைவது முழுவதும் நிற்கவில்லை, நிற்கப்போவதும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைபேசி வழியாகத் திடீர் திடீரென்று கேட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட தருணங்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் மனம் செய்கிற வேலையில் இல்லை என்று தெரிந்தது. அது எனக்குப் பாதி ஆறுதல்தான், ஏனென்றால் என் நாத்தனார் அந்த ஆய்வைப் படித்ததில்லை. இப்போதெல்லாம் உம் கொட்டுவதை நிறுத்திவிட்டு, “இருங்க, அந்தச் சமையல்காரர் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டுவிடுகிறேன். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. இரண்டாம் முறை இன்னும் விரிவாகச் சொல்கிறார்.

எட்டு வயதுச் சிறுவனின் தந்தை, ஈரோடு:

மேலே சகோதரி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பேச்சின் நடுவே காணாமல் போவதெல்லாம் மனம் அலைவதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. என் மகன் வகுப்பில் பராக்குப் பார்க்கிறான் என்று பள்ளியிலிருந்து தொடர்ந்து சொல்லி வந்தார்கள். வீட்டில் நான் கவனித்தது சற்று வித்தியாசமாக இருந்தது. “அப்பா, இன்னைக்குக் கிரிக்கெட்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவான். கண் ஓரிடத்தில் நிலைக்கும், இமை லேசாகத் துடிக்கும், தோளைத் தொட்டாலும் திரும்ப மாட்டான். பத்து நொடி கழித்து, நின்ற இடத்திலிருந்தே “நான்தான் ரெண்டு விக்கெட்” என்று தொடர்வான். இடையில் நின்றது அவனுக்கே தெரியாது.

நரம்பியல் மருத்துவர் அவன் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, அது நிற்காமல் சுழலும்படி ஊதிக்கொண்டே இருக்கச் சொன்னார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், காற்றாடி நின்றது, பையனும் நின்றான். வேகமாக மூச்சுவிட வைத்தால் ஒருவகை வலிப்பு வெளிப்பட்டுவிடும் என்பதற்காகத்தான் அந்தக் காற்றாடி. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுத்தபோது, அந்த வலிப்புக்கு அடையாளமான, நொடிக்கு மூன்று என்ற கணக்கில் அலைகள் வந்தன. கை கால் வெட்டாமல், வாயில் நுரை தள்ளாமல், சில நொடி நினைவு மட்டும் அறுந்துபோகும் வலிப்பும் உண்டு என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் அறியாத செய்தி. பராக்குப் பார்க்கும் பிள்ளை தொட்டால் திரும்பும், இவன் திரும்பவில்லை என்பதுதான் வேறுபாடு என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை தொடங்கியபின் அந்த நிறுத்தங்கள் அநேகமாக இல்லை. இப்படிச் சந்தேகம் உள்ள பெற்றோர் ஒரு முறையாவது கைபேசியில் காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; மருத்துவருக்கு நம் வர்ணனையைவிட அது உதவும்.

ஓய்வு பெற்ற விசைத்தறித் தொழிலாளி, குமாரபாளையம்:

தறி ஓசையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். வீட்டுக்காரி சொல்வது எதுவும் எனக்குப் பதிவதில்லை, புத்தி மங்கிவிட்டது என்று பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். காது கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்ததில், கீச்சென்ற ஒலிகளுக்கான 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு கிணறுபோல் இறங்கியிருந்தது. நெடுநாள் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு அங்கேதான் முதலில் அடி விழும் என்றார்கள். குரல் கேட்கும், ஆனால் ச, த, ப போன்ற எழுத்துகள் தெளிவாக விழாது. விட்டுப்போன எழுத்தை ஊகித்துக்கொண்டே வருவதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும், களைப்பில் நாமும் விட்டுவிடுவோம். பார்க்கிறவர்களுக்கு அது மறதியாகத் தெரிகிறது. காதுக் கருவி மாட்டிய பிறகு பேரப்பிள்ளைகள் பேசுவது புரிகிறது, மின்விசிறியின் இரைச்சலும் கூடவே வருகிறது.

திருநெல்வேலிச் சகோதரிக்கு ஒரு கேள்வி: உங்களுக்குக் காதைப் பரிசோதித்தார்களா? தொலைபேசியில் மட்டும் அதிகமாக விட்டுப்போகிறது என்றால், அதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.