மறு: சோதம் – குழிவீக்கம், குழிமீள் வீக்கம்

அன்புடையீர்,

ஆயுர்வேதத்தில் உடல் வீக்கத்தைக் குறிக்கும் ‘சோதம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘நீர்க்கோவை’ அல்லது ‘அழற்சி’ எனலாமா என்று கேட்டிருந்தீர்கள். ‘நீர்க்கோவை’ வேண்டாம். நீர்க்கோவை என்று கேட்டால் மருந்துக்கடையில் தலைபாரத்துக்கு நெற்றியில் பற்றுப்போடும் மாத்திரையைத்தான் தருவார்கள். ‘அழற்சி’யும் பொருந்தாது, சூடும் எரிச்சலும் சிவப்பும் பித்த சோதத்துக்கே உரியவை. பொதுச்சொல்லாக ‘வீக்கம்’ இருக்கட்டும். வகைகளுக்குத்தான் பெயர் தேவை.

பழைய ஆயுர்வேத நூலான சரகசம்ஹிதை, சூத்திரத்தானம் என்ற பகுதியின் 18ஆம் அத்தியாயத்தில், விரலால் அழுத்திப் பார்த்தே வகை பிரிக்கிறது. வாத சோதம் அழுத்தி விட்டதும் எழும்பிவிடும், பகலில் மிகும். கப சோதத்தில் பள்ளம் அப்படியே நிற்கும், இரவில் மிகும். முன்னதற்குக் குழிமீள் வீக்கம், பின்னதற்குக் குழிநில் வீக்கம் என்பது என் பரிந்துரை.

---

ஐயா, குழிமீள் வீக்கம் நன்று. அதை ‘மீள்வீக்கம்’ என்று மட்டும் யாரும் சுருக்க வேண்டாம், தணிந்து திரும்பவும் வந்த வீக்கம் என்று பொருளாகிவிடும். ‘குழிநில்’ வாயில் நிற்கவில்லை, ‘குழிவீக்கம்’ போதுமே?

---

போதாது. கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலைப் பத்து வினாடி ஊன்றிப் பாருங்கள். இரண்டு வகையிலும் குழி விழும். அது நிரம்பும் வேகம்தான் வேறு. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்து வரும் வீக்கத்திலும் குழி 40 வினாடிக்குள் நிரம்பிவிடுவதுண்டு. ஆகவே ‘குழிவீக்கம்’ இரண்டுக்கும் பொதுப்பெயர். நாள்பட்ட யானைக்காலில் குழியே விழாது. அது ‘குழியா வீக்கம்’. வாத சோதத்தை அந்தப் பெயரால் குறித்தால் நோய்க்கணிப்பே தவறும்.

வாத சோதத்தையும் கப சோதத்தையும் பெயரால் பிரிக்காவிட்டால் மருந்தும் தவறும். வாத சோதத்துக்குப் பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் விளக்கெண்ணெயை அரை மாதமோ ஒரு மாதமோ கொடுக்கச் சொல்கிறார். நெய்ப்பு மிகுந்த முறையைக் கப சோதத்தில் தொடர்ந்தால் வீக்கம் கூடும்.

உடல் முழுதும் வீங்கினால் புனர்நவாஷ்டகக் கஷாயம்: மூக்கிரட்டை வேர், வேப்பம்பட்டை, பேய்ப்புடல், சுக்கு, கடுகுரோகிணி, சீந்தில், மரமஞ்சள், கடுக்காய், வகைக்கு 6 கிராம். ஒன்றிரண்டாக இடித்து, 16 பங்கு நீர் (சுமார் 770 மி.லி.) விட்டு, மூடாமல் சிறுதீயில் எட்டில் ஒன்றாக வற்றவைக்க வேண்டும். மூக்கிரட்டை என்று சாரணை என்ற வேறு செடியைக் கட்டிக் கொடுப்பது சந்தையில் சாதாரணம். வேரைப் பார்த்து வாங்குங்கள். உப்பு, தயிர், புதுஅரிசி, பகல்தூக்கம் தொடர்ந்தால் கஷாயம் வேலை செய்யாது. மூக்கிரட்டையில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் கொடுக்கக் கூடாது. மூச்சுத்திணறல் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

---

ஏற்கிறேன். குழிவீக்கம் பொது, அதனுள் குழிமீள், குழிநில், தனியே குழியா வீக்கம். பித்த சோதத்துக்கு ‘எரிவீக்கம்’ சரிவருமா?